எனக்குக் குளிர்கிறது: ரஷ்ய மொழியில் ஒரு நான்காம் வேற்றுமைப் பாடம்

தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் ஒரு விதியை மறந்திருக்க முடியாது. இரண்டாம் வேற்றுமை உருபுக்கும் நான்காம் வேற்றுமை உருபுக்கும் பின் வல்லினம் மிகும் என்பதே அது. ‘எனக்கு குளிர்கிறது’ என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் நடுவே ஒரு ‘க்’ போடுவார். அரைப் புள்ளியும் போய்விடும். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்ற எனக்கு நான்காம் வேற்றுமை என்றால் அந்தச் சிவப்புக் ‘க்’ மட்டும்தான். அந்த வேற்றுமை என்ன வேலை செய்கிறது என்று நான் கேட்டதே இல்லை. கேட்கும் நாள் வந்தபோது எனக்கு வயது இருபத்தொன்று. கேட்ட இடமும் தமிழ் வகுப்பன்று. ரஷ்ய மொழி வகுப்பு.

பல்கலைக்கழகத்தில் அயல்மொழிப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நண்பர்கள் ஜப்பானிய மொழிக்கும் கொரிய மொழிக்கும் ஓடினார்கள். நான் ரஷ்ய மொழியில் பெயரைப் பதிந்தேன். எங்கள் வகுப்பறையில் குளிர்சாதனம் எப்போதும் கடுமையாக இருக்கும். ஆறாம் வாரத்தில் ஒரு நாள், விரிவுரையாளர் ஒவ்வொருவரையும் ரஷ்ய மொழியில் நலம் விசாரித்து வந்தார். என் முறை வந்தது. தெரிந்த இரண்டு சொற்களைச் சேர்த்து, ‘யா ஹலோத்னி’ என்றேன். ‘யா’ என்றால் நான். ‘ஹலோத்னி’ என்றால் குளிர்ந்த.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். ஆறிப்போன சூப்பைப் பற்றி அப்படிச் சொல்லலாம். அன்பில்லாத மனிதனைப் பற்றியும் சொல்லலாம். குளிரில் நடுங்கும் ஒருவன் தன்னைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. ‘ம்னே ஹோலத்னா’ என்றுதான் சொல்ல வேண்டும். வெண்பலகையில் அதை எழுதி, ‘ம்னே’ என்ற சொல்லின்கீழ்க் கோடிட்டார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருளையும் எழுதினேன்: எனக்குக் குளிர்கிறது.

எழுதிய பிறகுதான் பார்த்தேன். ‘ம்னே’ என்பது ‘எனக்கு’. சொல்லுக்குச் சொல் அப்படியே தமிழ்!

அப்படியானால் ‘யா ஹலோத்னி’ என்ற தவறு எங்கிருந்து வந்தது? மலாயில் ‘சாயா செஜுக்’ என்போம். ஆங்கிலத்திலும் ‘நான்’ என்றே தொடங்குவோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற முதலாண்டில் என் மலாய் தடுமாறியது. வாயைத் திறக்குமுன் மனத்தில் எழும் தமிழை அடக்கிவிட்டுப் பேசப் பழகினேன். ஏழாண்டுப் பழக்கம் அது. புதிய மொழி எதுவானாலும் தமிழ் தடையாகவே இருக்கும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். அன்று என்னைத் தடுக்கி விழவைத்தது தமிழ் அன்று. தமிழைக் கேட்காமல் போனதுதான். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

(ரஷ்ய ஒலிகளை நம் எழுத்தில் ஏறத்தாழத்தான் காட்ட இயலும். இங்குள்ளவை உச்சரிப்பை ஒட்டி எழுதப்பட்டவை.)

பெயரும் வினாவும்

தமிழில் வேற்றுமைகள் எட்டு. ரஷ்ய மொழியில் ஆறு. நாம் வேற்றுமைகளை எண்ணால் அழைக்கிறோம். ரஷ்யர்கள் பெயரிட்டு அழைக்கிறார்கள். நம்முடைய நான்காம் வேற்றுமைக்கு இணையானது அவர்கள் வரிசையில் மூன்றாவதாக நிற்கிறது. அதன் பெயர் ‘தாதெல்னி’. ‘கொடு’ என்று பொருள்படும் ‘தாத்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. ஆக, அது கொடை வேற்றுமை. நம் இலக்கண நூல்களும் நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களில் முதலாவதாகச் சொல்வது கொடையைத்தான்.

ஒரு சொல் இந்த வேற்றுமையில் இருக்கிறதா என்று அறிய ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வினாக்களைக் கேட்கிறார்கள்: ‘கமு?’, ‘செமு?’. அதாவது, யாருக்கு? எதற்கு? மலாயில் ‘கமு’ என்றால் ‘நீ’ என்பதால் எங்கள் வகுப்பில் இதற்கு முதல் நாள் சிரிப்பலை எழுந்தது. அதனால் யாருக்கும் மறக்கவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘தாத்’ என்பதைக் கேட்டதும் நம் ‘தா’ நினைவுக்கு வரும். ‘எங்களுக்கு’ என்பதற்கு ரஷ்ய மொழியில் ‘நாம்’ என்றும் சொல்கிறார்கள். உடனே, தமிழிலிருந்துதான் எல்லாம் போயிற்று என்று மேடையில் முழங்கிவிடக் கூடாது. ரஷ்யத் ‘தாத்’, ‘தானம்’ என்ற வடசொல்லின் வேருக்கு உறவு. இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தவை. நம் ‘தா’ திராவிட வேர். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு ஆகாது. நான் சொல்லவரும் ஒற்றுமை சொற்களில் இல்லை. வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது.

உருபுகள்

தமிழுக்கு உருபு ஒன்றுதான்: கு. ஆண், பெண், ஒருமை, பன்மை எதுவானாலும் அதுவே. ரஷ்ய மொழியில் பெயரின் பாலையும் ஈற்றையும் பார்க்க வேண்டும்.

மெய்யெழுத்தில் முடியும் ஆண்பாற் பெயர்களுக்கு ‘உ’ சேரும். இவான் – இவானு. அந்தோன் – அந்தோனு. பூஷ்கின் – பூஷ்கினு. இதற்கு நானே ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டேன். தமிழில் ‘இவானுக்கு’ என்று சொல்லி, கடைசி ‘க்கு’வை வெட்டிவிட்டால் ரஷ்யச் சொல் கிடைத்துவிடும். இலக்கணம் ஆகாது, தேர்வுக்கு உதவும்.

‘ஆ’ ஒலியில் முடியும் பெண்பாற் பெயர்களில் அந்த ஈறு ‘எ’ ஆகும். ஆன்னா – ஆன்னெ. மாமா – மாமெ. (ரஷ்ய மொழியில் ‘மாமா’ என்றால் அம்மா. வீட்டில் சொல்லிப் பார்த்தேன், மாமாவுக்குப் பிடிக்கவில்லை.) பன்மைக்கு எந்தப் பாலானாலும் ‘அம்’ அல்லது ‘யம்’. ஸ்துதேந்தம் என்றால் மாணவர்களுக்கு.

கடினமான பகுதி அடைமொழிதான். ‘என் பழைய நண்பனுக்கு’ என்னும்போது ‘என்’, ‘பழைய’ இரண்டும் மாறுவதில்லை. கடைசிச் சொல் மட்டுமே உருபை ஏற்கிறது. ரஷ்ய மொழியில் மூன்று சொற்களும் மாற வேண்டும்: மயெமு ஸ்தாரமு த்ரூகு. ‘எனக்குரியவனுக்கு, பழையவனுக்கு, நண்பனுக்கு’ என்று மூன்று முறை சொல்வது போல. தமிழில் ஒரு முறை சொன்னால் போதும் என்ற நிம்மதியை அன்றுதான் உணர்ந்தேன்.

இந்த உருபுகளைக் கல்லிலும் பார்க்கலாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மகா பீட்டர் குதிரைமேல் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை 1782இல் திறக்கப்பட்டது. பிரெஞ்சுச் சிற்பி பால்கோனே வடித்தது. அதன் பீடத்தில் ஒரு பக்கம் ரஷ்ய மொழியிலும் மறுபக்கம் இலத்தீனிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ரஷ்யப் பொறிப்பு, ஆண்டை விட்டுவிட்டால், நான்கே சொற்கள்: பெத்ரு பெர்வமு எகதெரீனா வ்தராயா. தமிழில்: முதலாம் பீட்டருக்கு இரண்டாம் கேத்தரின். வினைச்சொல்லே இல்லை. கொடுத்தாள், எழுப்பினாள், காணிக்கையாக்கினாள் என்று எதுவும் இல்லை. கொடுத்தவர் எழுவாயிலும் பெற்றவர் நான்காம் வேற்றுமையிலும் நிற்பதாலேயே பொருள் முழுமையாகிவிடுகிறது. தமிழிலும் அப்படியே சொல்ல முடிகிறது.

மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் 1818இல் எழுப்பப்பட்ட மினின், பொஷார்ஸ்கி நினைவுச்சின்னத்தின் பொறிப்பும் இதே அமைப்புத்தான்: குடிமகன் மினினுக்கும் இளவரசர் பொஷார்ஸ்கிக்கும், நன்றியுள்ள ரஷ்யா. பொதுவாகவே ரஷ்ய மொழியில் நினைவுச்சின்னம் ஒருவருக்கு ‘உரியது’ அன்று, ஒருவருக்கு ‘அளிக்கப்படுவது’. ‘பூஷ்கினின் சிலை’ என்னாமல், ‘பூஷ்கினுக்குச் சிலை’ என்பார்கள்.

நன்னூல் சொன்ன எட்டும் ரஷ்யர் சொல்லும் ஐந்தும்

கு உருபுக்குரிய பொருள்களைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் தொகுத்தார். அதன்வழி வந்த பள்ளி இலக்கணங்கள் கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை, எல்லை என எட்டாகச் சொல்லும். இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி, எதிரே ரஷ்ய வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன்.

கொடை: ‘எனக்குப் புத்தகம் தா’ – ‘தாய் ம்னே க்னீகு’. பொருந்துகிறது.

பகை, நட்பு: ‘அவன் எனக்குப் பகைவன்’ – ‘ஓன் ம்னே வ்ராக்’. ‘அவன் எனக்கு நண்பன்’ – ‘ஓன் ம்னே த்ரூக்’. இரு மொழியிலும் மூன்றே சொற்கள், ஒரே வரிசை.

முறை: ‘அவர் எனக்கு மாமா’ – ‘ஓன் ம்னே த்யாத்யா’. இதுவும் அப்படியே.

தகுதி: ‘இந்தச் சட்டை உங்களுக்குப் பொருந்துகிறது’ என்பதற்கு ரஷ்ய மொழியில் ‘உங்களுக்குப் போகிறது’ என்பார்கள். வினை வேறு, வேற்றுமை ஒன்றே.

மற்ற மூன்றும் பொருந்தவில்லை. மோதிரத்துக்குப் பொன் என்பது அதுவாதல். ‘நாட்டுக்கு உழைத்தான்’ என்பது பொருட்டு. ‘சிரம்பானுக்கு வடக்கே கோலாலம்பூர்’ என்பது எல்லை. இவற்றில் நாம் ‘கு’ இடும் சொல்லை ரஷ்யர்கள் ஒரு முன்னிடைச்சொல்லோடு, ‘உடைய’ என்று பொருள்தரும் வேறொரு வேற்றுமையில் வைக்கிறார்கள்.

எட்டில் ஐந்து. எந்த உறவும் இல்லாத, இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு மொழிக்கு இது குறைவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு நேர்வன

நான் சறுக்கி விழுந்த ‘ம்னே ஹோலத்னா’ இந்த எட்டில் எதிலும் அடங்குவதில்லை. இங்கே யாரும் எதையும் கொடுக்கவில்லை. குளிர் வருகிறது, நான் அதற்கு ஆளாகிறேன். தொடக்கப்பள்ளியில் எழுவாயைக் கோடிடச் சொன்னால், ‘எனக்குப் பசிக்கிறது’ என்ற வாக்கியத்தில் எதைக் கோடிடுவது என்று தெரியாமல் விழித்திருக்கிறேன். ரஷ்ய இலக்கணம் இத்தகையவற்றை ‘ஆளில்லா வாக்கியங்கள்’ என்று தனியாகவே வகுத்திருக்கிறது. ஆளே இல்லாமல் இல்லை. செய்பவனாக ஆள் இல்லை.

எனக்குப் புழுக்கமாக இருக்கிறது, எனக்குச் சலிப்பாக இருக்கிறது, எனக்கு வருத்தமாக இருக்கிறது, எனக்கு வலிக்கிறது: இவை அனைத்தும் ரஷ்ய மொழியில் ‘ம்னே’ என்றே தொடங்கும். எனக்குத் தோன்றுகிறது – ‘ம்னே காஷெத்சா’. எனக்குக் கனவு வந்தது – ‘ம்னே ஸ்னீல்ஸா ஸோன்’. எனக்கு வயது இருபத்திரண்டு – ‘ம்னே த்வாத்சத் த்வா கோதா’. வயதையும் நாம் அடைவதில்லை. அதுவே வந்து சேர்கிறது என்று இரு மொழியும் எண்ணுகின்றன போலும்.

இறந்தகாலத்தில் இன்னும் வியப்பு. ‘எனக்குக் குளிர்ந்தது’ என்னும்போது நம் வினை அஃறிணை ஒருமை ஈறு பெறுகிறது. ரஷ்ய மொழியிலும் ‘ம்னே பிலா ஹோலத்னா’ என்பதில் ‘பிலா’ என்ற வினை, ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத மூன்றாம் பாலில், ஒருமையில் நிற்கிறது. சொல்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் மாறுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இணை இது. ‘நான் தூங்கவில்லை’ என்பது ‘யா நெ ஸ்ப்லியூ’. ‘எனக்குத் தூக்கம் வரவில்லை’ என்பது ‘ம்னே நெ ஸ்பீத்சா’. முதலாவதைத் தேர்வுக்குப் படிப்பவன் சொல்லலாம். இரண்டாவதைப் படுத்துப் புரண்டு கொண்டிருப்பவன்தான் சொல்வான். ரஷ்யர்கள் ‘யா’விலிருந்து ‘ம்னே’வுக்கு மாறி, வினையின் ஈற்றையும் சற்றே மாற்றினால் இந்த வேறுபாடு வந்துவிடுகிறது. அதை விளக்க எங்கள் விரிவுரையாளர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

இது வெறும் நயம் மட்டுமன்று. கூர்ஸ்க், வோல்கோகிராட் போன்ற நகர்களில் மருத்துவம் பயின்ற மலேசியர்களை நம்மில் பலர் அறிவோம். நோயாளி ‘ம்னே ப்லோஹா’ என்றால் ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று பொருள். அதே வேரிலிருந்து ‘யா ப்லஹோய்’ என்றால் ‘நான் கெட்டவன்’. வேற்றுமை மாறினால் நோயாளி குற்றவாளி ஆகிவிடுவார்.

தமிழ் ஏமாற்றும் இடங்கள்

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தமிழில் ‘கு’ வரும் இடமெல்லாம் ரஷ்ய நான்காம் வேற்றுமையைப் போட்டு, அடுத்த வாரச் சிறுதேர்வை எழுதினேன். பத்துக்கு நான்கு புள்ளிகள் கிடைத்தன. இம்முறை குற்றம் என் தமிழைக் கேட்காததில் இல்லை. கேட்டதை அப்படியே நம்பியதில்.

முதல் தவறு, போகும் இடம். ‘மாஸ்கோவுக்குப் போகிறேன்’ என்பதற்கு நான்காம் வேற்றுமையில் ‘மஸ்க்வே’ என்று எழுதினேன். ‘வ் மஸ்க்வூ’ என்பதே சரி; அது இரண்டாம் வேற்றுமைக்கு இணையானது. ‘மருத்துவரிடம் போகிறேன்’ என்னும்போது நாம் ‘இடம்’ என்கிறோம். அங்கேதான் ரஷ்யர்கள் ‘க்’ என்ற முன்னிடைச்சொல்லை இட்டு நான்காம் வேற்றுமையைப் பயன்படுத்துகிறார்கள்: ‘க் வ்ரச்சூ’. ஊருக்குக் ‘கு’, ஆளுக்கு ‘இடம்’ என்பது தமிழ். ஆளுக்குத்தான் ‘கு’, ஊருக்கு இல்லை என்பது ரஷ்யம். நேர் எதிர்.

இரண்டாவது, சில வினைகள். அம்மாவுக்கு உதவு, அம்மாவுக்குத் தொலைபேசி செய் என்பவை ரஷ்ய மொழியிலும் நான்காம் வேற்றுமையையே ஏற்கின்றன. ஆனால் ‘உன்னை நம்புகிறேன்’ என்பதை அவர்கள் ‘உனக்கு நம்புகிறேன்’ என்பது போல, ‘யா வேர்யு திபே’ என்கிறார்கள். நம்பிக்கையும் அவர்களுக்கு ஒரு கொடைதான் போலும்.

மூன்றாவது தவறு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் புரிகிறது’ என்பவற்றுக்கு ‘ம்னே’ போட்டிருந்தேன். இரண்டும் தவறு. ‘யா ஸ்னாயு’, ‘யா பனிமாயு’ என்று ‘நான்’ என்றே தொடங்க வேண்டும். மறுபுறம், ‘நான் போக வேண்டும்’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘ம்னே நாதா இத்தீ’, அதாவது ‘எனக்குப் போக வேண்டும்’ என்கிறார்கள்.

குளிர், வலி, சலிப்பு, கனவு, வயது ஆகியவை நமக்கு நேர்வன என்பதில் இரு மொழியும் உடன்படுகின்றன. அறிவு எனக்கு வந்து சேர்வது என்கிறது தமிழ். நான் செய்வது என்கிறது ரஷ்யம். கடமையை என் செயலோடு சேர்க்கிறது தமிழ். வெளியிலிருந்து என்மேல் வந்து அமர்வது என்கிறது ரஷ்யம். செய்வதற்கும் நேர்வதற்கும் இடையே ஒவ்வொரு மொழியும் ஒரு கோடு போடுகிறது. உருபுகளை ஓர் இரவில் மனப்பாடம் செய்துவிடலாம். அந்தக் கோடு எங்கே போகிறது என்று அறிவதுதான் நான்காம் வேற்றுமையைக் கற்பது.

முடிவாக

அதன்பின் என் குறிப்பேட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். இடப்பக்கம் தமிழோடு ஒத்துப்போவன, வலப்பக்கம் ஒத்துப்போகாதன. ஒவ்வொரு புதிய வாக்கியத்துக்கும் முதலில் தமிழைக் கேட்பேன். பிறகு ரஷ்ய மொழியில் சரிபார்ப்பேன். பருவ இறுதித் தேர்வில் அந்தப் பகுதியில் நான் புள்ளி இழக்கவில்லை.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த இளைய மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். புதிய மொழி வகுப்புக்குள் நுழையும்போது தமிழை வாசலில் கழற்றி வைக்காதீர்கள். அதற்காகத் தமிழில் இருப்பதெல்லாம் அங்கும் இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். நம் மொழி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். அப்போதுதான் மற்ற மொழி எங்கே வேறுபடுகிறது என்பது கண்ணில் படும். எழுவாயும் உருபும் தேர்வோடு முடிந்துவிடும் பாடங்கள் அல்ல.

தமிழ்ப்பள்ளி உனக்கு என்ன கொடுத்தது என்று உறவினர்களும் நண்பர்களும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். முன்பு பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன். இனி யாரேனும் கேட்டால், ‘கு’ கொடுத்தது என்பேன். அதன் பின்னால் வரும் சிவப்புக் ‘க்’கையும் சேர்த்துத்தான்.